முத்திரைத்தாளில் ஒளிந்திருக்கும் வருடம்

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டி பேரனோடு என்னைப் பார்க்க வந்தார். கையில் இருபது ரூபாய் முத்திரைத்தாள். மிராசுதார் வீட்டு வாரிசுகள் நிலத்தை விற்கப் போகிறார்களாம். “சும்மா ஒரு கைநாட்டு வை” என்று கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்.

“1984 முதல் தங்கள் அனுமதியின் பேரில் குடியிருந்து வருகிறேன்” என்று அதில் இருந்தது. பேரனுக்கு ‘அனுமதி’ என்ற சொல்தான் உறுத்தியது. எனக்கு அந்த வருடம்.

கீழத்தஞ்சையில் பண்ணையாளுக்கு மனை என்பது கூலியின் ஒரு பகுதி. பண்ணையில் உழைக்கும்வரை குடிசை இருக்கும். வேலைக்குப் போகாவிட்டால் கூரையும் போகும். பண்ணையாளைக் காரணமின்றி வேலையிலிருந்து நீக்குவதற்கு 1952-ல் வந்த தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கடிவாளம் போட்டது. மனையிலிருந்து வெளியேற்றுவதை 1961-ன் குடியிருப்புச் சட்டம் தடுத்தது. மனையையே சொந்தமாக்கியது 1971-ன் 40-வது சட்டம்தான். 19-6-1971 அன்று விவசாயியோ விவசாயக் கூலியோ வாடகைக்கு இருந்தாலும், வெறும் அனுமதியில் இருந்தாலும் அந்தக் குடியிருப்பு அவருக்கே உரிமை. ஆகவே ‘அனுமதி’யால் ஆபத்தில்லை. 1984 என்று ஒப்புக்கொண்டால்தான் அந்தத் தேதி கைநழுவும். எழுதிக் கொடுத்தவர் சட்டம் தெரிந்தவர் என்றே தோன்றுகிறது.

“எப்ப பாட்டி இந்த ஊருக்கு வந்தீங்க?”

“வெண்மணி எரிஞ்ச வருசம் வாக்கப்பட்டு வந்தேன்.”

கூலிப் போராட்டத்தின்போது கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து செத்தது 1968 டிசம்பர் 25. எங்கள் பக்கத்தில் அதை வைத்துத்தான் கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் வருடம் சொல்வார்கள். நீதிமன்றத்துக்கு இது மட்டும் போதாது. 1971 மார்ச்சில் தேர்தல் நடந்தது. அந்த வாக்காளர் பட்டியலில் கணவர் பெயர் இருக்கிறதா என்று தேடச் சொன்னேன். மூத்த பிள்ளையின் பிறப்புப் பதிவு, பள்ளிச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு என்று எது கிடைத்தாலும் எடுத்து வரச் சொன்னேன். சிட்டாவில் இன்னும் மிராசுதார் பெயர் இருப்பதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். பட்டா மாறாததால் மட்டும் உரிமை போய்விடாது.

பாட்டிக்கு வேறு கவலை. “இவன் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறான். வயலுக்கு இப்ப எங்க வீட்ல யாரும் போறதில்ல. அப்பவும் எங்க எடமாய்யா?”

“ஆமா பாட்டி. 1971-லயே அது உங்க வீட்டுக்காரர் எடம் ஆயிடுச்சு.”

முத்திரைத்தாளை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார்.