பெருங்கொக்குகளின் குளிர்காலம்: இரவுக்கு நீர், பகலுக்கு வயல்

கொழும்பில் பொழுது சாயும் வேளையில் பேர வாவியின் கரையோர மரங்களில் வந்து அடையும் கொக்குகளின் காலில் நீண்ட பின்விரல் ஒன்று உண்டு. முன்விரல்களோடு ஒரே மட்டத்தில் அமைந்த அவ்விரலின் துணையால் அவை கிளையை இறுகப் பற்றிக்கொண்டு உறங்குகின்றன. தோற்றத்தில் இவற்றை ஒத்திருந்தாலும் கிரேன் எனப்படும் பெருங்கொக்குகள் முற்றிலும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. பறக்கும்போது நம் கொக்குகள் கழுத்தை மடித்துக்கொள்ளும். பெருங்கொக்குகள் நீட்டியே பறக்கும். அதைவிட முக்கியமான வேறுபாடு, பெருங்கொக்குகளின் பின்விரல் குறுகி, தரையில் படாத உயரத்தில் இருப்பதாகும். ஆகவே உலகிலுள்ள 15 இனங்களில், ஆபிரிக்காவின் இரண்டு கொண்டைப் பெருங்கொக்குகளைத் தவிர, ஏனையவற்றுக்கு மரத்தில் அடையும் வழி இல்லை.

மரமேற முடியாத பறவை இரவில் நரிக்கும் காட்டுநாய்க்கும் தப்புவதற்குக் கண்ட வழி, ஆழமற்ற நீரில் நின்றபடி உறங்குவது. பொதுவாக 30 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட ஆழமும், நாற்புறமும் மறைப்பற்ற பரப்பும் அதற்கு வேண்டும். நீருக்குள் கால் வைக்கும் எந்த விலங்கும் சலசலப்பை எழுப்பாமல் நெருங்க முடியாது. உறைபனிக்கு அண்மித்த நீரில் இரவு முழுவதும் நின்றும் உடல் வெப்பத்தை இழந்துவிடாமைக்குக் காரணம் கால்களின் குருதிக்குழாய் அமைப்பு: கீழிறங்கும் வெப்பமான குருதி, மேலேறும் குளிர்ந்த குருதியின் அருகாகவே பாய்ந்து தன் வெப்பத்தை அதற்குக் கொடுத்துவிடுவதால், பாதத்தை எட்டும்போது இழப்பதற்கு அதனிடம் அதிக வெப்பம் எஞ்சியிருப்பதில்லை.

நீரில் உறங்கினாலும் பெரும்பாலான இனங்கள் உண்பது வேறிடத்தில்தான். விடிந்ததும் கூட்டங்கூட்டமாக எழுந்து, அறுவடை முடிந்த வயல்களில் சிந்திக்கிடக்கும் நெல், கோதுமை, சோளம் ஆகியவற்றைப் பொறுக்குகின்றன. ஸ்பெயினின் தென்மேற்கில் ஓக் மரங்களின் கீழ் உதிர்ந்த கொட்டைகளைத் தேடுகின்றன. தானியத்தில் போதாத புரதத்தைப் பூச்சி, புழு, நத்தை ஆகியவற்றிலிருந்து பெறுகின்றன. குளிர்கால வாழிடம் என்பதை ஒரு குளமாகவோ ஒரு வயலாகவோ வரைபடத்தில் குறிப்பது இதனாலேயே போதாது. இரவு நீரும் பகல் வயலும் அவற்றுக்கிடையிலான தூரமும் சேர்ந்த ஒரு தொகுதி அது. அருகிலுள்ள வயல்களில் தானியம் குறையக் குறையப் பறவைகள் தொலைவுக்குப் பறக்க நேர்கிறது. பறப்பதற்குச் செலவாகும் சக்தி, உண்டு பெறும் சக்தியை நெருங்கும்போது அந்தத் தங்குநீர் எவ்வளவு பாதுகாப்பாக இருந்தாலும் பயனற்றதாகிவிடும். அறுவடை முடிந்த கையோடு வயலை உழுதுவிடுவது இவற்றுக்குப் பெரிய இழப்பு. சிந்திய மணிகள் மண்ணுக்குள் புதைந்துவிடுகின்றன.

உறக்கமும் உணவும் ஒரே இடத்தில் அமையும்போது நீர்மட்டம் எவ்வளவு கூர்மையான கட்டுப்பாடாகிறது என்பதைச் சீனாவின் போயாங் ஏரி காட்டுகிறது. ரஷ்யாவின் யாகூத்தியாவில் முட்டையிட்டு, ஏறத்தாழ 5000 கிலோமீற்றர் பறந்து வரும் வெண்ணிறச் சைபீரியப் பெருங்கொக்குகளில் மிகப் பெரும்பாலானவை குளிர்காலத்தைக் கழிப்பது இங்கேதான். யாங்சி ஆற்றோடு இணைந்த இந்த ஏரி கோடையில் 3000 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமாக விரிந்து, குளிர்காலத்தில் சேற்று வெளிகளும் சிறு குளங்களுமாகச் சுருங்குகிறது. அந்தச் சேற்றினுள் வல்லிஸ்நேரியா என்னும் நீர்த்தாவரத்தின் கிழங்குகள் புதைந்திருக்கின்றன. பெருங்கொக்கு நீண்ட அலகால் குடைந்து அவற்றை எடுக்கிறது. நீர் ஆழமானால் அலகு கிழங்கை எட்டாது. வற்றினால் சேறு இறுகிவிடும். கோடை வெள்ளம் மிஞ்சிப்போனாலோ ஒளி கிடைக்காமல் தாவரமே வளராது. 2010ஆம் ஆண்டு வெள்ளத்தின் பின்னர் கிழங்கு பொய்த்தபோது, இப்பறவைகள் வழக்கத்துக்கு மாறாக ஈரப் புல்வெளிகளுக்குச் சென்று வேறு தாவரங்களின் கிழங்குகளைத் தோண்டின. பின்னைய ஆண்டுகளில் தாமரைத் தோட்டங்களிலும் நெல்வயல்களிலும் கூட அவற்றைக் காண முடிந்தது. ஈரநிலத்தை விட்டு வெளியேறாத பறவையென நெடுங்காலம் கருதப்பட்ட ஓர் இனம் இவ்வளவு விரைவில் மாறியது வியப்புக்குரியது. ஆனால் இதை இயற்கையின் வெற்றியாகக் கொண்டாட நான் தயங்குவேன், வயலுக்குள் வரும் பறவை மனிதரின் பொறுமையை நம்பியே வாழ வேண்டியிருக்கும்.

டெக்சஸ் கரையோரத்தின் அரான்சஸில் தங்கும் ஹூப்பிங் பெருங்கொக்குகளின் வழி வேறு. அங்கே ஒவ்வொரு குடும்பமும் உவர்ச் சதுப்பில் தனக்கென ஒரு பகுதியைப் பிடித்து, பிறரை விரட்டி, நீலநண்டுகளை உண்கிறது. வறட்சியில் ஆற்றுநீர் குறைந்து சதுப்பின் உவர்த்தன்மை கூடும்போது குடிப்பதற்கு நன்னீரைத் தேடி உள்நாட்டுக் குட்டைகளுக்குப் பறக்க வேண்டியிருப்பதால், நண்டு குறைந்த காலத்திலேயே சக்திச் செலவும் கூடுகிறது.

வயல்களில் விவசாயிக்கும் பறவைக்கும் ஏற்படும் மோதலைத் தணிக்கப் பல இடங்களில் தீவனம் இடப்படுகிறது. இஸ்ரேலின் ஹூலா பள்ளத்தாக்கில் கச்சான் தோட்டங்களைக் காப்பதற்காக உழவு இயந்திரங்களில் சோளம் கொண்டுசென்று தூவுகின்றனர். ராஜஸ்தானின் கீச்சன் கிராமத்து மக்கள், இமயமலையைத் தாண்டி வரும், குர்ஜா என அவர்கள் அழைக்கும் பெருங்கொக்குகளுக்குத் தானியம் இடுகின்றனர். ஜப்பானின் இசுமியில் முக்காட்டுப் பெருங்கொக்கு இனத்தின் பெரும்பகுதியே கூடுகிறது. பயிர் தப்புகிறது, உண்மை. ஆயினும் பரந்து தங்க வேண்டிய பறவைகள் ஓரிடத்தில் நெருங்குவதால் நோய் எளிதில் பரவுகிறது: 2021 டிசம்பரில் ஹூலாவில் பறவைக் காய்ச்சலால் 5000க்கும் மேற்பட்டவை மடிந்தன, அடுத்த குளிர்காலத்தில் இசுமியில் 1000க்கும் மேற்பட்டவை.

அப்படியானால் வேறிடத்தில் பொருத்தமான நீர்நிலை ஒன்றை அமைத்துக் கூட்டத்தைப் பிரித்துவிடலாமே எனத் தோன்றும். அங்கேதான் சிக்கல். பெருங்கொக்குக் குஞ்சு தன் முதற் பயணத்தைப் பெற்றோருடன் மேற்கொண்டு, பாதையையும் தங்குமிடத்தையும் அவற்றிடமே கற்றுக்கொள்கிறது; ஆழம் சரியாக இருந்தாலும் அறியாத இடத்துக்கு அது எளிதில் போவதில்லை. இலங்கைக்கு மிக அண்மையில் சைபீரியப் பெருங்கொக்குகள் தவறாமல் வந்துகொண்டிருந்த இந்தியாவின் பரத்பூரில் 2002ஆம் ஆண்டுக்குப் பின் ஒன்றுகூடக் காணப்படவில்லை. நீர் திரும்பினாலும் வழிகாட்டப் பெற்றோர் இல்லை. அமெரிக்காவில் இந்த இடைவெளியை நிரப்ப, வளர்ப்பில் பொரித்த ஹூப்பிங் குஞ்சுகளை 2001ஆம் ஆண்டில் மிக இலகுவான சிறுவிமானம் ஒன்றைப் பின்தொடரப் பழக்கி, விஸ்கொன்சினிலிருந்து புளோரிடா வரை அழைத்துச் சென்றனர். அடுத்த வசந்தத்தில், உயிர்தப்பியிருந்த பறவைகள் விமானம் எதுவுமின்றித் தாமாகவே விஸ்கொன்சினுக்குத் திரும்பின.