பிங் போகுது, ஃபைல் போகலை: டிங்க் விபிஎன்னின் ஸ்விட்ச் மோட்

பல்லடத்தில் நிட்டிங், பெருந்துறையில் டையிங், திருப்பூரில் கட்டிங்கும் ஆபீஸும் என்று ஒரே பனியன் கம்பெனி மூன்று ஊரில் பிரிந்து கிடப்பது எங்கள் பக்கம் சாதாரணம். இப்படிப்பட்ட இடங்களில் பழைய ஸ்டாக் சாஃப்ட்வேர் ஒன்று கட்டாயம் இருக்கும். அது சர்வரை ஐபி முகவரி வைத்துத் தேடாது, "சர்வர் யாருங்க?" என்று நெட்வொர்க் முழுக்கத் தண்டோரா போட்டுத்தான் கண்டுபிடிக்கும். இந்த பிராட்காஸ்ட் ரவுட்டரைத் தாண்டாது. வழக்கமான விபிஎன்னும் (இணையம் வழியே ஊர்களை இணைக்கும் பூட்டிய தனிப்பாதை) ரவுட்டரைப் போலவே நடந்துகொள்வதால், பல்லடத்துக் கம்ப்யூட்டருக்குத் திருப்பூர் சர்வர் இருப்பதே தெரியாது.

இதற்குத்தான் டிங்க் (tinc) மென்பொருளில் ஸ்விட்ச் மோட் இருக்கிறது. 1998-ல் தொடங்கிய திறமூல விபிஎன் அது. இந்த மோடில் ஐபி பாக்கெட்டுக்குப் பதிலாக லேன் கேபிளில் ஓடும் ஈத்தர்நெட் ஃபிரேமையே, அதாவது பாக்கெட்டைச் சுற்றிய உறையோடு, அப்படியே தூக்கி, பூட்டி, இணையம் வழியே அனுப்பும். எந்த மேக் முகவரி (ஒவ்வொரு லேன் கார்டுக்கும் உள்ள அடையாள எண்) எந்த ஊரில் இருக்கிறது என்பதை வரும் ஃபிரேமைப் பார்த்தே கற்றுக்கொள்ளும். ஒரு முகவரியிடமிருந்து 600 விநாடி சத்தமே இல்லையென்றால் மறந்துவிடும். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பல்லடத்திலிருந்து திருப்பூர் வந்து சேர்வதற்குள் பழைய பதிவு போயிருக்கும்.

அமைப்பது பெரிய வேலையில்லை. மூன்று இடத்திலும் மோட் ஸ்விட்ச் என்றே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ரவுட்டர் மோடில் நின்றால் அங்கே எதுவும் சரியாக ஓடாது. ஒவ்வொரு இடத்துக்கும் டிங்க்கில் வைக்கும் பெயரில் எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறு எதுவும் கூடாது. எல்லோரும் எல்லோருக்கும் கனெக்‌ஷன் எழுதத் தேவையில்லை. பப்ளிக் ஐபி (இணையத்திலிருந்து நேரடியாகத் தொடக்கூடிய முகவரி) உள்ள ஓர் இடத்தை மற்றவை பிடித்தால் போதும், மீதியை டிங்க் தானே தெரிந்துகொண்டு, வழி கிடைத்தால் பல்லடத்தையும் பெருந்துறையையும் நேரடியாகப் பேச வைக்கும். மெஷ், அதாவது எல்லோரும் எல்லோரோடும் பின்னிக்கொள்ளும் வலை, என்பதன் பலனே இதுதான். அப்புறம், டேப் இன்டர்ஃபேஸை (டிங்க் உருவாக்கும் மெய்நிகர் லேன் கார்டு) நிஜ லேன் கார்டோடு பிரிட்ஜில் (இரண்டையும் ஒரே ஸ்விட்ச் போல இணைக்கும் அமைப்பு) சேர்க்கும்போது ஐபி முகவரியைப் பிரிட்ஜுக்குத்தான் கொடுக்க வேண்டும், டேப்புக்கு அல்ல. கனெக்‌ஷன் வந்தும் எதுவும் ஓடவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அடுத்தது போர்ட் 655. டேட்டா போகும் இரண்டு முறைகளான டிசிபி, யுடிபி இரண்டுக்கும் ஃபயர்வாலில் அது திறந்திருக்க வேண்டும். டிசிபியை மட்டும் திறந்துவிட்டால் லாக்கில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும், டேட்டாவும் போகும், ஆனால் அதுவும் டிசிபிக்குள்ளேயே நுழைந்து ஊர்ந்து போகும். "விபிஎன் ஸ்லோங்க" என்ற புகாரில் பாதி இங்கேதான் முடியும். எந்த இடத்திலும் பப்ளிக் ஐபி இல்லை, ரவுட்டரின் இணையப் பக்க (WAN) முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்குகிறது என்றால், வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்து நடுவில் வைப்பதைத் தவிர வழியில்லை.

இனி பிங் போய் ஃபைல் போகாத கதை. பிங் என்பது எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்க அனுப்பும் சின்னப் பாக்கெட். ஃபைல் போகும்போது 1500 பைட் நிறைந்த பாக்கெட் வருகிறது. அதன் மேல் ஈத்தர்நெட் தலைப்பு 14, வெளியே ஐபி 20, யுடிபி 8, பூட்டுக்கான பைட்டுகள் என்று ஏறினால் வழியில் எங்கோ இடிக்கும். டிங்க் பாதையை அளந்து, "சின்னதா அனுப்பு" என்று ஐசிஎம்பி செய்தி (நெட்வொர்க் தகவல்களைச் சொல்லும் வகை, பிங்கும் இதில் ஒன்று) அனுப்பத்தான் செய்கிறது. நடுவில் இருக்கும் ஃபயர்வால் பிங்கை மட்டும் விட்டு மற்ற ஐசிஎம்பியை அடைத்திருந்தால் அந்தச் செய்தி போய்ச் சேராது, ஃபைல் பாதியில் நின்றுவிடும். விபிஎன் வழியே சர்வருக்கு, துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 அளவில் பிங் அடித்துப் பாருங்கள், போகாவிட்டால் குறைத்துக்கொண்டே வாருங்கள். உதாரணமாக 1372-ல் பிங் போய்ச் சேர்ந்தால், ஐபி, பிங் தலைப்புகளுக்கு 28 கூட்டி, சர்வரின் லேன் கார்டில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1400 வையுங்கள். டேப்பில் மட்டும் குறைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். பிரிட்ஜ் பெரிய ஃபிரேமைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும், அனுப்பியவருக்குத் தகவலே வராது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது டிஹெச்சிபி, அதாவது கம்ப்யூட்டர்களுக்கு ரவுட்டர் தானாக ஐபி கொடுக்கும் முறை. மூன்று ஊரும் ஒரே லேன் ஆகிவிட்டதால் மூன்று ரவுட்டரும் எல்லோருக்கும் ஐபி கொடுக்க நிற்கும். கரண்ட் போய் வந்து மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்போது, முதலில் பதில் சொன்ன ரவுட்டரின் முகவரி ஒட்டிக்கொள்ளும். பெருந்துறைக் கம்ப்யூட்டரின் இணையம் திருப்பூரைச் சுற்றிப் போகும். திருப்பூரில் லைன் விழுந்தால் பெருந்துறையும் சேர்ந்து விழும். பிரிட்ஜில் ஈபிடேபிள்ஸ் (ebtables, பிரிட்ஜுக்கான ஃபயர்வால்) வைத்து, டிஹெச்சிபி பயன்படுத்தும் யுடிபி 67, 68 இரண்டையும் டேப் பக்கம் தடுத்துவிடுங்கள். முகவரிகளையும் ஊருக்கு ஒரு வரிசையாகப் பிரித்துக் கொடுங்கள்.

இவ்வளவு செய்தும் கோளாறு எங்கே என்று புரியவில்லை என்றால் ஏஆர்பியை ("இந்த ஐபி யாருடையது?" என்று லேனில் கேட்கும் கேள்வி) பின்தொடருங்கள். பல்லடத்திலிருந்து பிங் அடித்தபடி, பல்லடம், திருப்பூர் இரண்டு ஊரின் டேப்பிலும் டிசிபிடம்ப் (tcpdump, போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓட்டுங்கள். கேள்வி பல்லடத்து டேப்பிலேயே தெரியவில்லை என்றால் கோளாறு அந்த ஊர் பிரிட்ஜில். அங்கே தெரிந்து திருப்பூரில் தெரியவில்லை என்றால் டிங்க்கில். திருப்பூருக்கு வந்தும் பதில் திரும்பவில்லை என்றால் திருப்பூர் பிரிட்ஜிலோ சர்வரிலோ. ஒரே ஏஆர்பி கேள்வி ஆயிரக்கணக்கில் கொட்டினால், ஒரே கட்டடத்தில் இரண்டு டிங்க் பெட்டிகளை ஒரே லேனில் பிரிட்ஜ் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் ஒன்றின் கேபிளை உடனே பிடுங்குங்கள்.