நடமாட்டம் இல்லாதவரின் உதவித்தொகையை இன்னொருவர் எடுப்பது எப்படி?

முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய். அதே ஆண்டு செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயாகத் தொடங்கியது. பிஎம் கிசான் நான்கு மாதத்துக்கு ஒரு தவணையாக 2,000 ரூபாய். எல்லாமே பயனாளி பெயரில் உள்ள வங்கிக் கணக்கில்தான் விழும். மகன் திருப்பூரில், மகள் சிங்கப்பூரில், அப்பாயி மட்டும் திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமத்தில் படுத்த படுக்கை என்றால் இந்தப் பணத்தை யார் எடுப்பது? பலர் முதலில் தாசில்தார் அலுவலகத்துக்குத்தான் ஓடுகிறார்கள். முதியோர் உதவித்தொகையை அனுமதிப்பதும் நிறுத்துவதும் அங்கே நடக்கும் வேலை. கணக்கில் விழுந்த பணத்தை யார் கையில் தருவது என்பது வங்கி பார்க்க வேண்டியது. ஆகவே பேச வேண்டிய இடம் கிளை மேலாளரின் மேசை.

அங்கே போனதும் வரும் முதல் குழப்பம் நாமினி. "நாமினியா எம்பேருதான சார் இருக்கு, நான் எடுக்கக் கூடாதா?" என்ற கேள்வி மன்னார்குடியிலும் கேட்கும், மயிலாடுதுறையிலும் கேட்கும். கூடாது. கணக்குக்காரர் உயிரோடு இருக்கும்வரை நாமினிக்கு ஒரு ரூபாய்கூட எடுக்க உரிமை இல்லை. அவர் காலமான பிறகு மீதியைப் பெற்றுக்கொள்வதற்கு மட்டுமே அந்தப் பெயர்.

உயிரோடு இருக்கும்போது இன்னொருவர் எடுக்க வேண்டுமானால் சுலபமான வழி அதிகாரக் கடிதம். வங்கியில் 'மேண்டேட்' என்றால் புரியும். கணக்குக்காரர், தன் கணக்கை இன்னார் இயக்கலாம் என்று எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கிறார். அந்த இன்னார் தன் ஆதார், போட்டோ, மாதிரிக் கையெழுத்து ஆகியவற்றைக் கொடுக்கிறார். பத்திரப் பதிவு தேவையில்லை. பல வங்கிகளில் இதற்கு அச்சிட்ட படிவமே உண்டு. கடிதத்தில் "பணம் எடுக்க மட்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் நகைக் கடன், வைப்பு நிதி என்று அதிகாரம் எதுவரை என்பதில் பின்னால் சண்டை வரும். நிலம், குத்தகை, வழக்கு என்று மற்ற காரியங்களும் இருந்தால்தான் பொது அதிகாரப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யும் செலவுக்குப் பொருள் உண்டு. மாதம் 1,200 ரூபாய் எடுப்பதற்கு அது வேண்டாத வேலை.

கணக்கையே இருவர் பெயரில் 'இருவரில் எவரேனும்' என்று மாற்றிக்கொள்வது இன்னொரு வழி. கணவன் மனைவிக்கு இது ஒத்துவரும். பேரன், பக்கத்து வீட்டுக்காரர் என்று போகும்போது யோசிக்க வேண்டும். மேண்டேட் வாங்கியவர் பெரியவருக்காக எடுக்கிறார். கூட்டுக் கணக்கில் பெயர் உள்ளவர் தானே கணக்குக்காரராகி எடுக்கிறார். கேள்வி கேட்க வேண்டி வந்தால் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும்.

யாருக்கும் அதிகாரம் கொடுக்க மனமில்லை, ஆனால் எழுந்து போகவும் முடியவில்லை என்பவர்களுக்கு ரிசர்வ் வங்கி ஒரு வழி வைத்திருக்கிறது. இது கிளை ஊழியர்களிலேயே சிலருக்கு நினைவில் இருப்பதில்லை என்பதால் விவரமாகத் தெரிந்து போவது நல்லது. கையெழுத்துப் போட முடியாதவர் பணம் எடுக்கும் படிவத்தில் கை விரல் ரேகையோ கால் விரல் ரேகையோ வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த, சம்பந்தப்படாத இரண்டு சாட்சிகள் அதை உறுதிசெய்ய வேண்டும். அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலராக இருக்க வேண்டும். ரேகையும் வைக்க முடியாதவர் ஏதாவது ஒரு குறி இட்டால் போதும், அதற்கும் இதே சாட்சி முறைதான். பணத்தை யார் வாங்கிப்போவார் என்று கணக்குக்காரரிடம் கேட்டு, அந்த ஆளையும் இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். 'ஆள் நேரில் வந்தே ஆகணும்' என்று ஆம்புலன்ஸ் பிடிக்கச் சொன்னால் இந்த விதியைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள். வாயால் மறுப்பது போல எழுத்தில் மறுப்பது எளிதல்ல.

70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து பணம் கொடுக்கவும் ஆவணங்கள் வாங்கவும் வங்கிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கும்பகோணம், தஞ்சாவூர் நகரக் கிளையில் கேட்டால் நடக்கலாம். வேதாரண்யம் தாண்டி உள்ளே போனால் வங்கி முகவரோ தபால்காரரோதான் கதி. தபால்காரரின் கருவியில் ஆதார் எண்ணும் ரேகையும் கொடுத்து, மற்ற வங்கிக் கணக்கில் உள்ள பணத்தையும் எடுக்க முடியும். நாற்று நட்டும் களை பறித்தும் தேய்ந்த விரல்களில் ரேகை விழாது என்பது டெல்டாவில் பழைய தொல்லை. பெருவிரலோடு விடாமல் மற்ற விரல்களையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எதுவும் விழவில்லை என்றால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்க வேண்டும்.

ரேகை வைக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. "விழல, இன்னொருவாட்டி வைங்க" என்று முகவர் சொன்னால், முதல் தடவை உண்மையிலேயே தோற்றதா என்று ரசீதையோ குறுஞ்செய்தியையோ பார்க்காமல் மறுபடி விரலைக் கொடுக்கக் கூடாது. இரண்டு முறை எடுத்து ஒரு முறை மட்டும் பணம் கொடுப்பது இப்படித்தான். குறுஞ்செய்தி பெரியவரின் சொந்த எண்ணுக்கோ, பணம் எடுக்கிறவர் அல்லாத இன்னொரு பிள்ளையின் எண்ணுக்கோ போகும்படி வைத்தால் பாதிப் பிரச்சினை வராது.

ஊரில் அதிகம் நடப்பது ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் ஒருவரிடம் கொடுத்துவிடுவது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் எண்ணைச் சொல்லிக்கொடுத்ததால் பணம் போனால், வங்கியில் புகார் பதிவாகும்வரையான இழப்பு கணக்குக்காரருடையதே. அந்த ஆள் உண்மையாகவே பெரியவருக்காக எடுத்தார் என்று காட்டவும் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. மேண்டேட்டில் இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு இருக்கிறது.

இதையெல்லாம் எப்போது செய்வது? பெரியவருக்குப் புத்தி தெளிவாக இருக்கும்போதே. மறதி நோயோ பக்கவாதமோ வந்து விவரம் புரியாத நிலை ஏற்பட்டால் புது மேண்டேட் வாங்க முடியாது. ஏற்கெனவே கொடுத்ததும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி செல்லாமல் போகும். அதிகாரப் பத்திரத்துக்கும் அதே நிலைமைதான். பிறகு சட்டப்படியான காப்பாளர் வேண்டும். மனவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகை ஊனம் உள்ள 18 வயதைக் கடந்தவர்களுக்கு, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் நிலைக் குழு காப்பாளர் சான்று தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். நினைவிழந்து கிடக்கும் முதியவர் இந்தப் பட்டியலில் வரமாட்டார். அவருக்காக உயர் நீதிமன்றம்வரை போகவேண்டி வரும். 1,200 ரூபாய்க்காக யாரும் அங்கே போகப் போவதில்லை, பணம் கணக்கிலேயே கிடக்கும்.

ஏற்பாடு சரியாக இருந்தும் பணம் வரவில்லை என்றால் முதலில் ஆதார் இணைப்பைப் பாருங்கள். ஆதார் வழியாக வரும் தொகை, கடைசியாக எந்தக் கணக்கில் ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கே போகும். வசதிக்காகத் தபால் வங்கியில் புதுக் கணக்கு திறந்தபோது அதில் இணைத்திருப்பார்கள். பழைய பாஸ்புக்கைப் பார்த்து 'பணம் நின்னுபோச்சு' என்று மனு எழுதுவார்கள். அடுத்த காரணம் கேஒய்சி, அதாவது வங்கியில் கொடுத்த அடையாள, முகவரி விவரத்தை, புதுப்பிக்காமல் விட்டது.

ரேஷன் பொருளுக்கு இத்தனை சுற்று இல்லை. வர முடியாத அட்டைதாரர், தன் சார்பில் வாங்க ஒருவரை நியமித்து அங்கீகாரச் சான்றுப் படிவம் கொடுக்கலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வருகிறது. தகுதி உண்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

நம்பிக் கொடுத்தவர் பணத்தை ஒழுங்காகத் தரவில்லையா? மேண்டேட்டை ரத்து செய்ய அவர் சம்மதம் வேண்டாம். கணக்குக்காரர் கிளைக்கு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றதற்கான முத்திரையுடன் நகலை வைத்துக்கொண்டால் போதும். அட்டை வெளியே போயிருந்தால் அன்றைக்கே முடக்கச் சொல்ல வேண்டும். வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழி கேட்க 14448. பிள்ளைகளே பணத்தைப் பிடுங்கிக்கொண்டு சோறு போடவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடமும் மனு கொடுக்கலாம்.

பெரியவர் காலமானதும் மேண்டேட் அந்த நிமிடமே முடிந்துவிடுகிறது. 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்து, சான்றின் நகலைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வங்கியிலும் கொடுக்க வேண்டும். காரியச் செலவுக்கு என்று அட்டையைப் போட்டு எடுத்துவிடுவது ஊரில் சாதாரணம். இறப்புக்குப் பின் விழுந்த மாதங்களின் தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும்போதுதான் அதன் கனம் தெரியும். இறப்புக்கு முன் சேர்ந்த மீதியை வாங்கும் உரிமை நாமினிக்கு உண்டு. இறப்புச் சான்று, பாஸ்புக், நாமினியின் அடையாள அட்டை ஆகியவற்றுடன் கிளையில் உரிமை கோரும் படிவம் கொடுத்துப் பெறலாம்.