வெளிச் சவாரிக்கு டிரா ரெயின் போடலாமா?

“பயிற்சித் திடலுக்குள் டிரா ரெயின் போட்டால் குதிரை ஒழுங்காக இருக்கிறது. வெளியே கூட்டிப் போகும்போதும் அதையே போட்டுக்கொள்ளலாமா?” குதிரையேற்றம் சொல்லித்தருகிறவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. டிரா ரெயின் என்பது குதிரையின் தலையைக் கீழே, நெஞ்சுப் பக்கம் மடக்கி வைக்கும் கூடுதல் கடிவாள வார். கேட்கிறவர்கள் பெரும்பாலும் புதிதாகச் சொந்தக் குதிரை வாங்கியவர்கள். வாயிலைத் தாண்டியதும் குதிரை தலையைத் தூக்கிக்கொள்கிறது, புதரில் ஏதாவது அசைந்தால் மிரள்கிறது, திரும்பி வரும்போது இழுத்துக்கொண்டு ஓடுகிறது. மேலே உட்கார்ந்திருப்பவருக்குப் பயம் வருவது இயல்புதான். ஆனாலும் நான் சொல்லும் பதில், வேண்டாம். அதைக் கழற்றிவிட்டுப் போக முடியாத குதிரை இன்னும் வெளியே போகத் தயாராகவில்லை.

எல்லாப் பயிற்சிச் சாதனங்களையும் சேர்த்துச் சொல்லவில்லை. சில சாதனங்கள் குதிரை சாதாரணமாகப் போகும்வரை சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். தலை அளவுக்கு மீறி உயர்ந்தால் மட்டும் வேலை செய்யும். வேறு சில, ஒவ்வொரு அடியிலும் கழுத்தை ஒரே நிலையில் பிடித்து வைத்திருக்கும். டிரா ரெயினும், பக்கவாட்டில் சேணத்திலிருந்து வாய்க்குக் கட்டும் சைடு ரெயினும் இந்த இரண்டாவது வகை. என் எதிர்ப்பு இவற்றுக்குத்தான்.

டிரா ரெயின் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்ப்போம். அது வயிற்றுப் பட்டையில் தொடங்கி, முன்னங்கால்களுக்கு நடுவே வந்து, பிட் (குதிரையின் வாய்க்குள் இருக்கும் கடிவாள இரும்பு) வளையத்துக்குள் புகுந்து நம் கைக்கு வருகிறது. அதாவது பிட் வளையம் ஒரு நகரும் கப்பி ஆகிவிடுகிறது. கையில் 5 கிலோ இழுத்தால் வாயில் கிட்டத்தட்ட 10 கிலோ வரை விழலாம். வார் போகும் கோணமும் உராய்வும் இதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். இழுப்பவருக்கு அந்த வித்தியாசம் கையில் தெரியாது என்பதுதான் தொல்லை. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நியூகாசில் பிரபு வில்லியம் கேவண்டிஷின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பழைய சாதனம் இது. நல்ல கை உள்ள ஒருவர், சமதளத்தில், சில நிமிடங்கள் பயன்படுத்துவதற்கு இன்றும் இடம் இருக்கலாம். அதையும் எல்லாப் பயிற்றுநர்களும் ஒப்புக்கொள்வதில்லை. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிகளின்படி, தடை தாண்டும் போட்டித் திடலில் இதைப் போட்டுக்கொண்டு போட்டியிட முடியாது. குதிரையின் நடையழகைப் பார்க்கும் டிரெஸ்ஸாஜ் போட்டியில், தலை அளவுக்கு மீறி உயராமல் தடுக்கும் மார்ட்டிங்கேல் என்ற வார்கூடக் கூடாது.

சரி, வெளியே என்ன மாறிவிடுகிறது? முதலில் தரை. திடலில் மணலைச் சமன்செய்து வைத்திருக்கிறோம். வெளியே கல், வேர், பள்ளம், வழுக்கும் தார்ச்சாலை. குதிரையின் தலையும் கழுத்தும் சேர்ந்தால் அதன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. கழைக்கூத்தாடிக்குக் கையிலிருக்கும் மூங்கில் எப்படியோ அப்படித்தான் குதிரைக்குக் கழுத்து. கால் இடறினால் கழுத்தைச் சட்டென்று நீட்டியும் உயர்த்தியும்தான் அது நிலைக்கு வரும். டிரா ரெயினில் கழுத்து மடங்கியிருந்தால் அந்த அசைவுக்கே இடமில்லை. மற்ற நேரத்தில் அரை அடி தடுமாற்றத்தோடு போயிருக்கும் விஷயம், முழங்கால் தரையில் மோதி, மேலே இருப்பவரும் முன்னால் போய் விழுவதில் முடியலாம். இறக்கத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடும்.

அடுத்தது கண். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட 350 பாகை சுற்றிலும் பார்க்க முடியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னால், மூக்குக்குக் கீழே, பின்புறத்துக்கு நேர் பின்னால் என்று சில இடங்கள் தெரியாது. தூரத்தில் இருப்பதைப் பார்க்கத் தலையைத் தூக்கும், காலடியில் இருப்பதைப் பார்க்கத் தாழ்த்தும். வெளியே போனதும் தலையைத் தூக்குவதை நாம் அடங்காமை என்று எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது பார்க்கிறது, அவ்வளவே. மூக்கை நெஞ்சோடு சேர்த்து இழுத்தால் இரு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பகுதி தரையை நோக்கித் திரும்பிவிடும். விழியைச் சுழற்றிக் கொஞ்சம் சமாளிக்கும் என்றாலும், எதிரே வருவது என்னவென்று சரியாகத் தெரியாத மிருகம் இன்னும் அதிகமாகத்தான் மிரளும். மிரளாமல் இருக்கப் போட்ட வாரே மிரள வைக்கிறது.

மூச்சையும் மறந்துவிடக்கூடாது. குதிரையால் வாய் வழியாக மூச்சுவிட முடியாது, மூக்கு ஒன்றுதான் வழி. கழுத்தை இறுக்கி மடக்கினால் தொண்டைப் பாதை குறுகும். கேன்டர் என்ற மிதமான ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் அடிக்கு ஒரு மூச்சு என்று தாளம் போட்டதுபோல் விடும். ஏற்றம் ஏறும்போது கழுத்தைத் தாழ்த்தி முன்னே நீட்ட விட்டால்தான் பின்னங்கால்கள் தள்ளும்.

இதையெல்லாம்விட எனக்கு அதிகக் கவலை தருவது சிக்கிக்கொள்வதுதான். ரெயினை (கடிவாள வாரை) நீளமாக விட்டு ஓய்வாக நடக்கவிடும்போது டிரா ரெயின் முன்னங்கால்களுக்கு நடுவே தொய்ந்து தொங்கும். குதிரை புல்லுக்குக் குனிந்தாலோ, விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டினாலோ, முன்னங்கால் அதற்குள் போய்விடலாம். சிக்கியது தெரிந்ததும் குதிரை நின்று யோசிக்காது. பின்னோக்கி இழுக்கும், பிறகு முன்னங்கால்களைத் தூக்கி எழும்பும். தலை கட்டப்பட்ட நிலையில் எழும்பும் குதிரை சமநிலை இழந்து மல்லாந்து விழக்கூடும். மேலே இருப்பவருக்கு உயிராபத்தான விழுகை அது. மூக்குப் பட்டையில் மாட்டும் ஸ்டாண்டிங் மார்ட்டிங்கேலுக்கும் இது பொருந்தும். அதைப் போட்டுக்கொண்டு ஆழமான தண்ணீரில் இறங்கவே கூடாது. நீந்த வேண்டி வந்தால் தலையை மேலே தூக்க முடியாது.

‘இழுத்துக்கொண்டு ஓடினால் நிறுத்தவாவது உதவுமே’ என்பார்கள். உதவாது. தாடை நெஞ்சில் ஒட்டியபடியே நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரைகள் உண்டு. தலை மடங்கினால் கால் நிற்கும் என்பது நம் நினைப்பு மட்டுமே.

சாதனத்தைத் தேடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, குதிரை ஏன் தலையை ஆட்டுகிறது என்பதுதான். என்னிடம் இப்படி வருகிறவர்களிடம் முதலில் பல் பார்த்து எத்தனை மாதமாயிற்று என்று கேட்பேன். குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அதனால் மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரமும் கீழ்ப் பற்களின் உள் ஓரமும் தேய்ந்து கூர்மையாகி, கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். அடுத்தது சேணம். உடம்பு வைத்த குதிரைக்குப் போன வருடச் சேணம் இடுங்கிப்போயிருக்கும். அப்புறம் முதுகு, கால், வயிற்றுப் புண். வேலைக்கு மீறிய தானியமும் நாள் முழுக்க லாயத்தில் அடைபட்டிருப்பதும்கூடக் காரணமாகலாம். வெயில் காலத்தில் மட்டும் தலையை வெடுக்கென்று உதறும் குதிரை என்றால் முகத்து நரம்புக் கோளாறாகவும் இருக்கலாம். எந்த வாரும் அதற்கு மருந்தில்லை, கால்நடை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.

குதிரை எலும்பு-மூட்டு மருத்துவத்தில் பெயர்பெற்ற சூ டைசன், சவாரியின்போது தெரியும் வலி அறிகுறிகள் 24ஐப் பட்டியலிட்டிருக்கிறார். காதைப் பின்னால் மடக்குவது, வாயைத் திறப்பது, வாலை அடிப்பது, தலையைச் சாய்ப்பது எல்லாம் அதில் அடக்கம். எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் உடம்பில் எங்கோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். டிரா ரெயின் போட்டால் இந்த அறிகுறிகளில் சிலவற்றைக் குதிரையால் காட்டவே முடியாது. வலி அப்படியே இருக்கும், நமக்குத் தெரியும் வழி மட்டும் அடைபடும்.

அப்படியானால் வெளியே எதுதான் போடலாம்? கழுத்துப் பட்டை. சாதாரணத் தோல் வார், கழுத்தைச் சுற்றி, உள்ளே ஒரு கை நுழையும் அளவு தளர்வாக. மிரண்டு துள்ளும்போது வாயைப் பிடித்துத் தொங்காமல் இதைப் பிடித்துக்கொள்ளலாம். வெளிச் சவாரிக்கு மிகப் பயனுள்ள சாதனம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது; விலை குறைந்த பொருளுக்கு மரியாதை இல்லை போலும்.

ரன்னிங் மார்ட்டிங்கேலும் சரியாகப் பொருத்தினால் போடலாம். வயிற்றுப் பட்டையிலிருந்து வந்து இரண்டாகப் பிரியும் வார் இது; இரு நுனியிலும் உள்ள வளையங்களுக்குள் ரெயின் ஓடும். வளையங்களைத் தொண்டைப் பக்கமாக மேலே தூக்கினால் அவை தாடைக்குக் கீழுள்ள வளைவு வரை எட்ட வேண்டும். குதிரை இயல்பாகத் தலையை வைத்திருக்கும்போது பிட்டிலிருந்து நம் கைக்கு ரெயின் நேர்கோடாக வர வேண்டும். வளையத்தில் கீழ்நோக்கி மடிந்தால் பட்டை குட்டை என்று அர்த்தம். பிட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே ரெயினில் ரப்பர் தடுப்பான் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் வளையம் ரெயின் கொக்கியில் மாட்டிக்கொள்ளும், குதிரை அங்கேயே பதறும். எத்தனையோ பேருடைய ரெயினில் இந்தத் தடுப்பான் காணாமல் போயிருக்கிறது. இப்போதே போய்ப் பாருங்கள்.

சிறு பிள்ளைகள் ஏறும் போனிகளுக்கு, புல்லுக்குக் குனியாமல் இருக்கச் சேணத்திலிருந்து தலைக்குக் கட்டும் வார் உண்டு. ஐந்து வயதுப் பிள்ளையைத் தலைகுப்புற இழுத்துப்போடும் போனிக்கு அது தேவைதான். ஆனால் மூக்கு முன்னே நீளும் அளவு தளர்வாக இருக்கட்டும். தடை தாண்டும்போதும் செங்குத்தான இடங்களிலும் கழற்றிவிடுங்கள்.

நிதானமில்லாத குதிரையை வெளிக்குப் பழக்க வார் எதுவும் வேண்டாம், பொறுமையான இன்னொரு குதிரை போதும். அதன் பின்னால், நடையில் மட்டும், குறுகிய தூரம். அதற்கு முன் சில நாள் கையில் பிடித்து அதே பாதையில் நடத்திப் பழக்கலாம். எப்போதும் லாயத்தை நோக்கித்தான் வேகமெடுக்கிறது என்றால், வாசலுக்கு வந்ததும் இறங்காமல் திடலுக்குள் போய் இன்னும் கொஞ்சம் வேலை வாங்குங்கள்.

ஏற்கெனவே டிரா ரெயினோடு வெளியே வந்துவிட்டீர்கள், குதிரை கொதித்துக்கொண்டிருக்கிறது என்றால் அங்கேயே இறங்கிவிடுங்கள். வயிற்றுப் பட்டையிலிருந்து கொக்கியைக் கழற்றி, வாரைப் பிட் வளையத்திலிருந்து முழுசாக உருவிப் பையில் வையுங்கள். சேணத்தில் சுற்றித் தொங்கவிட வேண்டாம். அங்கவடிகளை மேலே ஏற்றிக் கட்டிவிட்டு, ரெயினைத் தலைக்கு மேலாக எடுத்துப் பிடித்துக்கொண்டு நடத்துங்கள். ரன்னிங் மார்ட்டிங்கேல் மாட்டியிருந்தால் ரெயினை அப்படி எடுக்கக் கூடாது. கழுத்தின் மேலேயே விட்டு, பிட்டுக்குப் பக்கத்தில் பிடித்தபடி நடந்தால் போதும்.