எல்லாருக்கும் முடித்துவிட்டு, அப்புறம் எனக்கு

போன வாரம் ஒரு பெண்ணை அட்மிட் செய்தோம். 40 வயதைத் தாண்டியவர், துணிக்கடையில் வேலை. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி. சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. சர்க்கரை 380.

"மாத்திரை போடறீங்களா?"

"தீர்ந்து நாலு மாசமாச்சு டாக்டர். வந்து வாங்க நேரமே கிடைக்கல."

"நீர்க்கடுப்பு எப்பத்திலிருந்து?"

"பத்து நாளா இருக்கு. பொண்ணுக்குப் பரீட்சை, அது முடியட்டும்னு இருந்தேன்."

ஒரே மாதத்தில் இதே கதையோடு வந்த நான்காவது பெண் இவர். அதனால்தான் எழுதுகிறேன். குரலில் கொஞ்சம் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"எல்லாருக்கும் முடிச்சிட்டு அப்புறம் என்னைப் பார்த்துக்கறேன்." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. எப்போது அம்மா முடியும்? பையனுக்கு டிபன் பாக்ஸ் கட்டினால் மாமியாருக்குக் கஞ்சி. கஞ்சி கொடுத்தால் பஸ்ஸுக்கு ஓட்டம். வேலை முடிந்து வந்தால் மாவு அரைக்க வேண்டும், அரைத்தால் பாத்திரம், பாத்திரம் கழுவினால் நாளைக்குக் காய் நறுக்கணும். 2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவது தெரிந்தது. ஆண்கள் 97 நிமிடம். பெண்களுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேர வேலை இன்றோடு தீர்ந்துவிடுமா? நாளைக் காலை பால் பாக்கெட் வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தீராத வேலைக்குப் பின்னால் உங்கள் உடம்பை வரிசையில் நிறுத்தினால், அதன் முறை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் வரும்.

"எனக்குன்னு பார்த்தா சுயநலம் இல்லையா?" என்றும் கேட்கிறார்கள். பார்லருக்குப் போங்கள், கொடைக்கானல் போங்கள், அதிலும் தப்பு இல்லை. ஆனால் நான் கேட்பது அதுகூட இல்லை. தாகம் எடுத்தால் தண்ணீர், வந்தால் கழிப்பறை, பசித்தால் சோறு, சொன்ன வேளைக்கு மாத்திரை. இதில் சுயநலம் எங்கே இருக்கிறது? குழந்தைக்கு இதில் ஒன்று தவறினாலும் பதறுகிறீர்களே!

நோயாளிகளிடம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரிப்போம். ஆண்கள் இட்லி, பொங்கல் என்று பெயரைச் சொல்வார்கள். பெண்கள் நேரத்தைச் சொல்வார்கள்: "பதினொரு மணிக்குத்தான் டாக்டர்." எங்கள் செவிலியர்களிடமும் இதே பதில்தான்.

இந்தப் பெண்ணின் கடையில் கழிப்பறை மூன்றாவது மாடியில். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டு, காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணி வரை ஒரே ஒரு டம்ளர் தண்ணீர். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். உட்காரவே சட்டம் தேவைப்பட்டது என்றால், கழிப்பறைக்குப் போகக் கேட்க எவ்வளவு தயங்குவார்கள் என்று கடை முதலாளிகள் யோசித்துப் பாருங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், அனுமதி கேட்க வைக்காமலே அவர்களைப் போக விடுங்கள்.

சரி, செய்ய வேண்டியது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போங்கள், வராவிட்டாலும் போங்கள். தண்ணீர் பாட்டிலை மகள் பையில் வைக்கும்போதே இன்னொன்றை உங்கள் பையிலும் வையுங்கள் (இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் அளவைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்). கடுப்பு, எரிச்சல் வந்தால் மறுநாளே காட்டுங்கள். சர்க்கரை இருப்பவர்கள் அன்றைக்கே. மெடிக்கலில் சொல்லி நீங்களாக இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டு அமுக்கி வைக்காதீர்கள். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறவும் கூடாது, சில மாத்திரைகளுக்கு வழியிலேயே மயங்கி விழுவீர்கள்.

மாத்திரை வாங்க வர நேரமில்லையா? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். "அவ ஒண்ணும் சொல்லலையே டாக்டர்" என்று அந்தக் கணவர் கட்டிலருகே நின்று கண் கலங்கினார். நல்ல மனிதர்தான். ஆனால் சொல்ல ஒருவர் உட்கார வேண்டும், கேட்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ராத்திரிப் பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள், காயைப் பையன் நறுக்கட்டும். அந்த அரை மணி நேரம் அவர் தூங்கட்டும்.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். அடுத்த வாரம் ஒருமுறை, அப்புறம் மூன்று மாதச் சராசரி சர்க்கரை பார்க்க ஒருமுறை வர வேண்டும். இரண்டு தேதிகளையும் கணவரின் போனில் அலாரமாக வைக்கச் சொல்லி, வைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.