வெறும் கையெழுத்தோடு போகும் பதிலாள் படிவம்

பணிக்கொடையில் ஒரு பகுதியைப் பங்குகளில் போட்டிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கிறார்கள். தங்கள் கம்பனி இன்னொரு கம்பனியை வாங்குகிறது என்ற செய்தி வரும்போது யாரும் அலட்டிக்கொள்வதில்லை. வாங்கியது நட்டத்தில் விழுந்து பங்கிலாபம் நின்ற பிறகுதான் கோபம் வருகிறது. அது நியாயமான கோபம். ஆனால் சட்டம் தந்த வழிகளில் பாதி அதற்குள் காலாவதியாகியிருக்கும்.

இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, கம்பனியின் சொத்துப் பெறுமதியில் பாதியைத் தாண்டும் கொள்வனவுக்கு விசேட தீர்மானம் வேண்டும். அதாவது, அளிக்கப்படும் வாக்குகளில் 75 சதவீதம். அதற்குக் குறைந்த கொள்வனவு என்றால் பொதுவாகப் பணிப்பாளர் சபையே முடித்துவிடும்.

தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தால் கூட்டம் பெரும்பாலும் கொழும்பில்தான். போக முடியாதவர்கள், தமக்குப் பதிலாக வாக்களிக்க இன்னொருவரை நியமிக்கும் 'பதிலாள் படிவம்' அறிவித்தலோடு வரும்போது, அதில் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். பிழை இங்கேதான் நடக்கிறது. எவர் பெயரும் எழுதாத படிவம் வழக்கமாகக் கூட்டத் தலைவரிடம் போகும். 'ஆதரவாக', 'எதிராக' என்ற கட்டங்களும் வெறுமையாக இருந்தால் அவர் தன் விருப்பப்படி வாக்களிப்பார். அவர் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

இதனால் போவது வாக்கு மட்டுமல்ல. இப்படிப்பட்ட தீர்மானத்துக்குத் தன் பங்குகள் அனைத்தையும் கொண்டு எதிராக வாக்களித்தவர், அது நிறைவேறி 10 வேலை நாட்களுக்குள், "என் பங்குகளைக் கம்பனியே வாங்கிக்கொள்ள வேண்டும்" என்று எழுத்தில் கோரலாம். ஆதரவாக வாக்களித்தவருக்கும் வாக்களிக்காதவருக்கும் அந்த உரிமை இல்லை. ஆகவே கொள்வனவில் உடன்பாடில்லை என்றால், நம்பிக்கையான ஒருவரின் பெயரை எழுதி, 'எதிராக' என்ற கட்டத்தில் அடையாளமிடுங்கள். படிவம் வழக்கமாகக் கூட்டத்துக்கு 48 மணித்தியாலம் முன்பே செயலாளரிடம் சேர வேண்டும். இங்கிருந்து தபாலில் போட்டால் வார இறுதியையும் கணக்கில் எடுங்கள்.

உங்கள் கம்பனியையே வேறொருவர் வாங்கினால் கதை வேறு. பட்டியலிடப்பட்ட கம்பனியில் ஒருவரின் வாக்குரிமை 30 சதவீதத்தைத் தொட்டால், மற்றப் பங்குதாரர்களின் பங்குகளையும் வாங்கிக்கொள்வதாக அவர் கட்டாய முன்வைப்புச் செய்ய வேண்டும். விலை, முந்திய 12 மாதங்களில் அவர் கொடுத்த அதிகூடிய விலைக்குக் குறையக் கூடாது. அந்த முன்வைப்பு ஆவணம், உங்கள் பங்குகள் பதிவாகியிருக்கும் மத்திய வைப்புத் திட்டக் (CDS) கணக்கில் உள்ள முகவரிக்கே வரும். சுனாமிக்குப் பின் வீடு மாறிய கல்லடி, மருதமுனைக்காரர்கள் பழைய முகவரியை மாற்றினார்களா என்று தரகரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். முடிவுத் திகதி தவறினால், வாங்க ஆளில்லாத பங்கோடு சிறுபான்மையாக நிற்க வேண்டி வரும்.

வாங்கியது சறுக்குகிறதா என்பதைப் பங்கு விலைக்கு முன்னரே ஆண்டறிக்கையின் குறிப்புகள் காட்டிக்கொடுக்கும். ஓர் உதாரணக் கணக்கு: கடன்களைக் கழித்து 60 கோடி ரூபாய் தேறிய சொத்துள்ள கம்பனிக்கு 100 கோடி கொடுத்தால் மிச்ச 40 கோடி 'நன்மதிப்பு' என்று ஐந்தொகையில் உட்காரும். ஆண்டுதோறும் அதைச் சோதிக்க வேண்டும். எதிர்பார்த்த இலாபம் வராதென்றால் ஒரு பகுதியை வெட்டி நட்டமாகக் காட்டுவார்கள். அந்த வருடம் காசு வெளியே போகாது, அது எப்போதோ போய்விட்டது. 2011 இல் ஆட்டோனமி என்ற பிரித்தானிய மென்பொருள் கம்பனியைச் சுமார் 1,100 கோடி டொலருக்கு வாங்கிய அமெரிக்கக் கணினிக் கம்பனி எச்பி (HP), மறு வருடமே 880 கோடியை இப்படி வெட்டியது.

நன்மதிப்புச் சோதனை பற்றிய குறிப்பில் இரண்டு எண்களைப் பாருங்கள்: வளர்ச்சி வீதம், கழிவு வீதம் (எதிர்காலத்தில் வரும் காசை இன்றைய பெறுமதிக்குக் குறைத்துக் கணக்கிடும் வீதம்). கழிவு வீதம் குறையக் குறைய வாங்கிய கம்பனியின் பெறுமதி பெரிதாகத் தெரியும், நன்மதிப்பை வெட்டாமல் விட்டுவிடலாம். 2022 இல் அரசுக்குக் கடன் கொடுக்கும் திறைசேரி உண்டியலின் வட்டியே 30 சதவீதம் தாண்டியது. அந்த வருட அறிக்கையில் ரூபாயில் உழைக்கும் கம்பனிக்கு 14 சதவீதம் என்று போட்டிருந்தால் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

பங்கு விலை இறங்கியதற்காக மட்டும், பங்குச் சந்தையை மேற்பார்வை செய்யும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கு எழுதிப் பயனில்லை. தவறான வியாபார முடிவு குற்றமல்ல. விற்றவர் பணிப்பாளரின் உறவு என்பதை மறைத்ததோ, பொய்யான வெளிப்படுத்தலோ இருந்தால் திகதி, அறிவித்தலின் பிரதி, உங்கள் கொள்வனவுச் சீட்டு மூன்றையும் இணைத்து எழுதுங்கள். விசேட கூட்டம் கோர 10 சதவீத வாக்குரிமை தேவை, தனியொருவருக்கு அது எட்டாது. ஆனால் வருடாந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்க ஒரு பங்கு போதும். கழிவு வீதத்தைப் பற்றிய கேள்வியை எழுத்தில் முன்கூட்டியே அனுப்பி, கணக்காய்வாளர் பதில் சொல்ல வேண்டும் என்றும் அதிலேயே கேளுங்கள்.