நந்தி மலை இறக்கமும் சட்டைப் பொத்தானும்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகே இயன்முறை சிகிச்சை மையம் ஒன்றை நடத்தி வருகிறேன். வார இறுதியில் நகரத்துக்கு வெளியே சைக்கிள் ஓட்டிவிட்டு வருபவர்களை நான் பெரும்பாலும் திங்கட்கிழமை மாலைகளில் சந்திக்கிறேன். முழங்கால் வலி என்று வருபவர்களே அதிகம். இடுப்பு, கழுத்து என்று வருபவர்களும் உண்டு. கையைக் காட்ட வேண்டும் என்று நேராக வந்தவர்களை எண்ணிவிடலாம். சைக்கிள் என்றாலே கால்களின் வேலை என்ற எண்ணம் நமக்கு ஊறிப்போயிருப்பதால், ஐந்தாறு மணி நேரம் உடலின் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டே வரும் உள்ளங்கையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒருவர் வந்தார். வாணியம்பாடிக்காரர், நாற்பதைக் கடந்தவர், ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை. இரண்டு ஆண்டுகளாகத் தவறாமல் ஞாயிறுதோறும் ஹெப்பாள், ஏலகங்கா, தேவனஹள்ளி வழியாக நந்தி மலைக்குப் போய் வருபவர். பாலாறு நந்தி மலைப் பகுதியில்தான் பிறக்கிறது என்பதால், தம் ஊரில் தண்ணீரில்லாமல் கிடக்கும் ஆற்றின் தலைமாட்டைப் பார்த்துவிட்டு வருவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். வந்தது வலது முழங்காலுக்காக. ஆனால் பதிவுத் தாளில் கையெழுத்துப் போடும்போது பேனாவை இரண்டு முறை மாற்றிப் பிடித்தார். கையில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டேன்.

“மரத்துப்போகும் மேடம். சைக்கிள் ஓட்டுறவங்க எல்லாருக்கும் அப்படித்தானே? திங்கட்கிழமை காலையில சட்டைப் பொத்தான் போடத்தான் கொஞ்சம் தகராறு.”

அந்தப் ‘பொத்தான் தகராறு’ முழங்கால் வலியை விட அவசரமானது என்பதை அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் பிடித்தது. இந்தக் கட்டுரை அந்த அரை மணி நேரப் பேச்சின் விரிவு.

முழங்கையைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டால் ஷாக் அடித்தது போல ஓர் உணர்ச்சி சுண்டுவிரல் வரை ஓடும் அல்லவா? அது அல்நார் நரம்பு. முழங்கையின் உட்புறம் தோலுக்குச் சற்றுக் கீழே ஓடி, முன்கையைக் கடந்து, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக உள்ளங்கைக்குள் நுழைகிறது. நுழையும் இடத்தில், பட்டாணி போன்ற சிறிய எலும்பு ஒன்றுக்கும் கொக்கி போல நீண்ட மற்றோர் எலும்புக்கும் இடையே ஒரு குறுகிய வழி இருக்கிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் கியோன் 1861-இல் விவரித்ததால் இதற்குக் கியோன் குழல் என்று பெயர். ஹேண்டில்பாரின் மீது உள்ளங்கையை ஊன்றும்போது, சரியாக இந்த இடத்தின் மேல்தான் நம் பாரம் இறங்குகிறது. மணிக்கட்டு பின்புறமாக மடங்கியிருந்தால் அழுத்தம் இன்னும் கூடும். மருத்துவ நூல்களில் இதைச் ‘சைக்கிளோட்டிகளின் வாதம்’ என்ற பொருள்படும் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள் என்பதிலிருந்து, இது எவ்வளவு பழகிய தொல்லை என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

குழலுக்குள் நரம்பு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் தொடுவுணர்ச்சி தருகிறது. அது நசுங்கினால் அந்த ஒன்றரை விரல் மரத்துப்போகும். இன்னொரு கிளை ஆழமாகச் சென்று, விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் உதவும் சிறு தசைகளை இயக்குகிறது. பொத்தான் போடுவது, சாவியைத் திருப்புவது, நாணயத்தைப் பொறுக்கி எடுப்பது எல்லாம் இந்தத் தசைகளின் துணையோடு நடப்பவை. ஆழ்கிளை மட்டும் நசுங்கும்போது மரப்பும் இருக்காது, வலியும் இருக்காது. பலம் மட்டும் குறைந்துகொண்டே போகும். வலிக்காததால் யாரும் கவனிப்பதில்லை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே புறங்கைப் பக்கம் உள்ள சதை வற்றிப் பள்ளம் விழுந்த பிறகு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் இயன்முறை சிகிச்சையால் மட்டும் செய்ய முடிவது குறைவு.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கவாட்டுக்கும் இடையே வைத்து, கட்டைவிரலை மடக்காமல் அழுத்திப் பிடியுங்கள். வீட்டில் உள்ள ஒருவரை அதை இழுக்கச் சொல்லுங்கள். தாள் நழுவினாலோ, அதைத் தக்கவைக்கக் கட்டைவிரலின் நுனி மூட்டு தானாக மடங்கினாலோ, அந்தக் கையின் சிறு தசைகள் தளர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. இரண்டு கைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். வாணியம்பாடி நண்பருக்கு இடது கைத் தாள் கிழிந்தது. வலது கைத் தாள் எளிதாக என் கைக்கு வந்துவிட்டது.

மரப்பு எல்லாவற்றையும் சைக்கிளின் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். சுண்டுவிரலோடு புறங்கையின் அந்தப் பக்கமும் சேர்ந்து மரத்திருந்தால், நரம்பு மணிக்கட்டில் நசுங்கியிருக்க வாய்ப்பு குறைவு. ஏனென்றால் புறங்கைக்கு உணர்ச்சி தரும் கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுகிறது. அப்போது முழங்கையைப் பார்க்க வேண்டும். நாள் முழுவதும் மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றிக் கணினி முன் அமர்ந்துவிட்டு, வீடு திரும்பும் வழியில் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் ஒரு மணி நேரம் கைபேசியைக் காதில் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை சைக்கிள் இல்லாமலேயே வரும். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்து, இரவில் தூக்கத்தைக் கலைத்தால் அது வேறொரு நரம்பின் பிரச்சினை. இரண்டு கைகளோடு பாதங்களும் சேர்ந்து மரத்தால் சர்க்கரையையும் பி12 அளவையும் பார்க்காமல் விடக் கூடாது. சுத்த சைவ உணவுக்காரர்களிடம் பி12 குறைபாட்டை அடிக்கடி காண்கிறேன். அவர்களில் சிலர் ஆயிரக்கணக்கில் செலவழித்து ஹேண்டில்பாரை மாற்றிய பிறகு வந்தவர்கள்.

நந்தி மலைக்கு வருகிறேன். பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், உச்சி 1,478 மீட்டர், அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஏற்றம். ஏறும்போது வேகம் குறைவு, உடல் பின்னுக்குச் சாய்ந்திருக்கும், கால்கள் பெடலை அழுத்துவதால் மேலுடலின் பாரம் கைகளில் அதிகம் விழுவதில்லை. கைகள் கெடுவது இரண்டு இடங்களில். ஒன்று, பல்லாரி சாலையின் நீண்ட சமதளம். எதிர்க்காற்றுக்குத் தாழ்ந்து, ஒரே பிடியில், ஒரு மணி நேரத்துக்கு மேல். மற்றொன்று, கொண்டை ஊசி வளைவுகளினூடே இறங்கும் நேரம். கால்கள் சும்மா இருக்கின்றன, உடல் முன்னுக்குச் சரிகிறது, விரல்கள் பிரேக்கை இறுக்கிக்கொண்டிருக்கின்றன, சாலையின் ஒவ்வோர் அதிர்வும் ஊன்றிய உள்ளங்கை வழியாகவே மேலேறுகிறது. ஏற்றத்தைத்தான் எல்லோரும் சாதனையாகச் சொல்கிறார்கள். இறக்கத்தைப் பற்றி என்னிடம் யாரும் தானாகப் பேசியதில்லை.

கை மரக்கிறது என்றால் பலரும் முதலில் செய்வது, ஜெல் வைத்த கையுறை வாங்குவது. நான் கையுறைக்கு எதிரி அல்ல, ஆனால் அதைக் கடைசியில்தான் வைப்பேன். ஜெல் மேடு தவறான இடத்தில் அமைந்தால் அதுவே கியோன் குழலின் மீது அழுத்தும். தேட வேண்டிய இடம் பெரும்பாலும் சீட். சீட்டின் முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடல் முன்னுக்கு வழுக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கக் கைகள் ஓயாமல் உடலைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். பிறப்புறுப்புப் பகுதி மரக்கிறது என்பதற்காக முனையைத் தாழ்த்தி, கையைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர். (அந்த மரப்பையும் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், உட்காரும் எலும்புகளின் அகலத்துக்குப் பொருந்தாத சீட்டே பெரும்பாலும் காரணம். சீட்டை மாற்றியும் தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.) நம் நண்பருக்கும் இதேதான் நடந்திருந்தது. சைக்கிளைக் கொண்டுவரச் சொல்லி, சமதளப் பலகையை வைத்துப் பார்த்தபோது முனை நன்றாகவே கீழே சாய்ந்திருந்தது. சீட்டின் உயரமும் குறைவு. முழங்காலின் முன்பக்க வலிக்கு அந்த உயரக் குறைவு ஒரு காரணம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருந்தால் போதும். அவருக்கு அதைவிட மிக அதிகமாக மடங்கியிருந்தது.

சீட்டைச் சரிசெய்த பிறகு எட்டும் தூரத்தைப் பார்க்க வேண்டும். தள்ளுபடியில் கிடைத்தது என்று ஓர் அளவு பெரிய சைக்கிளை வாங்கியவர்கள் கையை முழுக்க நீட்டி, முழங்கையைப் பூட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். பூட்டிய முழங்கை சாலையின் அதிர்வை அப்படியே தோள்வரை அனுப்பும். சற்று மடங்கிய முழங்கை அதை விழுங்கிக்கொள்ளும். ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையானதாக மாற்றுவது பெரிய செலவல்ல. டயர் காற்றையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு; அதுவரை அடிக்க வேண்டும் என்று பொருளல்ல. 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மில்லிமீட்டர் டயரில் 75 முதல் 80 பிஎஸ்ஐ பெரும்பாலும் போதும். நம் சாலைகளில் அதற்கு மேல் அடிக்கும் காற்று, வேகத்தைக் கூட்டுவதை விட அதிர்வைத்தான் கூட்டுகிறது.

ஓட்டும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு முறையாவது பிடியை மாற்ற வேண்டும். வளைந்த டிராப் ஹேண்டிலில் இது எளிது. நேரான ஹேண்டில் உள்ள சைக்கிளில் ஒரே பிடிதான் என்பதால், பக்கவாட்டில் கொம்பு போன்ற பிடி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். நந்தி இறக்கத்தில் நடுவே இரண்டு முறையாவது ஓரமாக நின்று கைகளை உதறிக்கொள்ளுங்கள். முதுகும் வயிறும் பலவீனமாக இருப்பவர்களுக்கு எந்த மாற்றமும் முழுப் பலன் தராது. வாரத்தில் ஐந்து நாள் நாற்காலியில் சரிந்து கிடந்த உடல், ஆறாவது நாள் 120 கிலோமீட்டர் நிமிர்ந்திருக்க மறுப்பதில் வியப்பில்லை. அது களைத்ததும் பாரம் கைக்கு மாறிவிடுகிறது.

கைக்கு வரும் இன்னோர் ஆபத்து விழுவது. அறுவடைக் காலத்தில் தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம் பக்கத்துக் கிராமச் சாலைகளில் வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று ராகிக் கதிர்களையும் கொள்ளையும் பரப்பியிருப்பார்கள். சைக்கிளின் மெல்லிய டயர் அதன் மேல் வளைந்தால் சறுக்கும். (அந்தச் சாலை அவர்களுக்குக் களம், நாம்தான் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.) விழும்போது கையை நீட்டி ஊன்றுவது இயல்பு. அப்போது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் உள்ள, படகு வடிவிலான ஸ்காஃபாய்டு எலும்பு முறியலாம். கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் அடியில் ஒரு குழி தெரியும். பழைய தலைமுறையினர் மூக்குப்பொடி வைத்து உறிஞ்சிய அதே குழி. அங்கே அழுத்தினால் வலிக்கிறது என்றால், வீக்கம் குறைவாக இருந்தாலும் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு நீவக் கூடாது. முதல் நாள் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போவது உண்டு; அதனால் கட்டுப் போட்டுவிட்டு, 10 முதல் 14 நாள்களில் மறுபடி படம் எடுப்பார்கள். இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்க முனையிலிருந்து பின்னோக்கிச் செல்வதால், முறிவைக் கவனிக்காமல் விட்டால் பின்பாதி ரத்தமின்றிச் செத்துப்போகக் கூடும். என்னிடம் நீவிவிடச் சொல்லி வந்த ஓர் இளம்பெண்ணை அப்படியே எலும்பு மருத்துவரிடம் திருப்பி அனுப்பியபோது அவர் கோபித்துக்கொண்டார். இரண்டாவது படத்தில் முறிவு தெரிந்தது.

நரம்புக்குத் திரும்புகிறேன். சவாரி முடிந்து சில மணி நேரத்தில் மறையும் மரப்பு எச்சரிக்கை மட்டுமே. மேற்சொன்ன மாற்றங்களே பெரும்பாலும் போதும். மறுநாளும் தொடர்ந்தால் சைக்கிளைச் சில வாரம் ஓரமாக வைத்துவிட வேண்டும். பலம் குறைந்திருந்தாலோ, சதை வற்றினாலோ, நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, நரம்பு செய்தியைச் சரியாகக் கடத்துகிறதா என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை செய்துகொள்ளுங்கள். வெறும் அழுத்தத்தால் மந்தமான நரம்பு வாரங்களில் தேறிவிடும். இழைகளே அறுந்திருந்தால் அவை நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் வளரும் என்பதால் மாதங்கள் ஆகும்.

வாணியம்பாடி நண்பர் ஆறு வாரம் சைக்கிளைத் தொடவில்லை. அலுவலகத்துக்கு ஓட்டிப்போன பைக்கின் ஆக்ஸிலேட்டரும் அதே உள்ளங்கையைத்தான் அழுத்துகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அதையும் நிறுத்தி மெட்ரோவுக்கு மாறினார். ஒன்பதாவது வாரம் பொத்தான் தகராறு தீர்ந்துவிட்டதாகச் சொன்னார். மறுபடி தாளை இழுத்துப் பார்த்தேன். முன்பு போல எளிதாக வரவில்லை, ஆனாலும் வந்துவிட்டது. அடுத்த மாதம் நரம்புச் சோதனைக்குத் தேதி வாங்கியிருக்கிறார். அதுவரை நந்தி வேண்டாம், ஹெசரகட்டா ஏரிப் பக்கம் 30 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். 40 ஆக்க முடியுமா என்று பேரம் பேசினார், 30-இலேயே நின்றுவிட்டேன்.